நிறுத்தியவர்கள் நம்மவர்களே

(புனேயில் நிகழ்த்தப்பட்ட அறக்கட்டளைச் சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

கலை, அரசியல், சமூக மனசாட்சி ஆகிய மூன்றையும் சேர்த்துப் பேசும்படி அறக்கட்டளையினர் கேட்டிருக்கிறார்கள். இந்தத் தலைப்பைக் கையில் எடுப்பவர்கள் வழக்கமாக அரசாங்கத்திலிருந்து தொடங்குவார்கள். தணிக்கை, தடையாணை, வழக்கு, சிறை என்று பேச்சு நீளும், கேட்பவர்களும் கைதட்டுவார்கள். அரசாங்கத்தைக் குறை சொல்லும்போது அவையில் யாருக்கும் வலிக்காது. நான் இந்த ஊரில் நடந்த வேறொன்றிலிருந்து தொடங்குகிறேன். 1972 டிசம்பர் 16 அன்று, சதாசிவ பேட்டையில் உள்ள பரத் நாட்ய மந்திரில், விஜய் டெண்டுல்கரின் 'காசிராம் கோத்வால்' என்ற மராட்டி நாடகம் முதன்முதலாக மேடையேறியது. இயக்கியவர் ஜப்பார் படேல், இசை பாஸ்கர் சந்தாவர்க்கர், பேஷ்வா ஆட்சியின் அமைச்சர் நானா பட்னாவிஸ் வேடத்தில் மோகன் அகாஷே. தயாரித்தது முற்போக்கு நாடகச் சங்கம். பத்தொன்பது முறை மேடையேறியதோடு நாடகம் நின்றது. அந்தப் பத்தொன்பதோடு அதை நிறுத்தியது முதலமைச்சரோ போலீஸ் கமிஷனரோ நீதிபதியோ அல்லர். பெயரிலேயே முற்போக்கை வைத்திருந்த அந்தச் சங்கத்தின் தலைமைதான் நிறுத்தியது.

நாடகத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கன்னோசியிலிருந்து பிழைப்புத் தேடிப் பேஷ்வாக்களின் புனேக்கு வருகிறான் காசிராம். செய்யாத திருட்டுக்காக ஊரார் அவனை அடித்துத் துரத்துகிறார்கள். பழிவாங்குவதாகச் சபதம் செய்கிறான். சொந்த மகள் கௌரியை நானாவின் ஆசைக்குக் கொடுத்து, நகரக் காவல் தலைவரான கோத்வால் பதவியைப் பெறுகிறான். அதிகாரம் கைக்கு வந்ததும் ஊரையே நடுங்க வைக்கிறான். மகள் இறந்துபோகிறாள். ஊர் கொதித்து எழும்போது, அவனை உருவாக்கிய நானாவே அவனைக் கூட்டத்திடம் ஒப்படைத்துவிட்டு விழாவுக்கு ஏற்பாடு செய்கிறார். வரலாற்றிலும் காசிராம் என்றொரு கோத்வால் இருந்தான். தெற்கிலிருந்து வந்த பிராமணர்களை அவன் ஆட்கள் ஓர் அறையில் அடைத்து வைத்ததில் பலர் மூச்சுத் திணறி இறந்தார்கள். 1791இல் கூட்டம் அவனைக் கல்லால் அடித்துக் கொன்றது. டெண்டுல்கர் இந்த எலும்புக்கூட்டை எடுத்துக்கொண்டு தன் காலத்தைப் பற்றி எழுதினார். வன்முறை சமூகத்தில் எப்படி வளர்கிறது என்பதை ஆராய நேரு ஆய்வுநிதி பெற்று அடுத்த ஆண்டே அவர் நாடெங்கும் சுற்றக் கிளம்பியதை நினைத்தால், அவருக்கு நானாவின் மேல் தனிப்பட்ட கோபம் எதுவும் இருக்கவில்லை என்பது புரியும். பெரிய மனிதர்கள் தங்கள் வசதிக்காக ஓர் அடியாளை வளர்த்துவிட்டு, காரியம் முடிந்ததும் அவனைப் பலி கொடுக்கும் ஏற்பாடுதான் அவர் கண்ணில் பட்டது. எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் இந்த நாடகம் பழசாகாததற்குக் காரணம் அதுவே.

ஆனால் அதைப் பெரிய கலையாக்கியது அந்தக் கருத்து அன்று. கருத்தை ஒரு தலையங்கத்தில் எழுதிவிடலாம். மேடையில் ஒரு வரிசை ஆண்கள் நிற்கிறார்கள். வெள்ளுடை, குடுமி, கைதட்டல், அபங்கமும் கீர்த்தனையும். கொங்கணக் கூத்து மரபிலிருந்தும் தமாஷா என்ற மராட்டி நாட்டுப்புறக் கூத்திலிருந்தும் எடுத்த நடை. கண்ணெதிரே அந்த வரிசையே சுவராகிறது, தெருவாகிறது, தோட்டமாகிறது, கூட்டமாகிறது. பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்டி அது திரும்பினால், அதற்குப் பின்னால் ஏதோ அக்கிரமம் நடக்கிறது என்று பொருள். பாட்டு மட்டும் நிற்பதில்லை. கடவுள் பெயரைச் சொல்லிக்கொண்டே மறைக்கிற மரியாதைப்பட்டவர்களின் வரிசை அது. நானாவும் காசிராமும் வந்து போகிறவர்கள். முதல் காட்சியிலிருந்து கடைசிவரை மேடையை விட்டு அகலாதது இந்த வரிசைதான். நாடகத்தின் குற்றவாளி யார் என்ற கேள்விக்கு மேடையமைப்பே விடை சொல்லிவிடுகிறது. இப்படியொரு நாடகத்தை நல்லெண்ணம் கொண்ட சிலர் கூடி உட்கார்ந்து நிறுத்தினார்கள் என்றால், நாடகம் சொன்னதற்கு அவர்களே சாட்சி ஆனார்கள் என்றுதான் சொல்ல வேண்டும்.

இங்கிருந்துதான் என் வாதம் பிறக்கிறது. ஒரு கலைஞனுடைய சமூக மனசாட்சியை அவன் விடும் அறிக்கைகளில் தேடக் கூடாது. அவன் எந்தக் கட்சிக்கு ஓட்டுப் போடுகிறான் என்பதிலும் தேடக் கூடாது. அவன் படைப்பு யாருடைய பணத்தில் உருவாகிறது, யாருடைய அரங்கில் நடக்கிறது, அதை நிறுத்தும் அதிகாரம் யார் கையில் இருக்கிறது, நிறுத்தினால் அவன் அடுத்து என்ன செய்கிறான் என்பவற்றில் தேட வேண்டும். 'காசிராம்' குழுவினர் என்ன செய்தார்கள்? சங்கத்தின் தலைமையைத் திட்டிக் கட்டுரை எழுதிவிட்டு வீட்டுக்குப் போகவில்லை. நடிகர்களும் கலைஞர்களும் மொத்தமாக வெளியேறி, 1973 மார்ச்சில் 'தியேட்டர் அகாடமி' என்ற சொந்த அமைப்பைத் தொடங்கினார்கள். 1974 ஜனவரியில் நாடகம் மறுபடி மேடைக்கு வந்தது. 1980இல் கடும் எதிர்ப்பைத் தாண்டி ஜெர்மனிக்கும் பிற ஐரோப்பிய நாடுகளுக்கும் போனது. 1990களின் தொடக்கம்வரை அதே குழு அதை நடத்திக்கொண்டிருந்தது. இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். ஜப்பார் படேல் தௌண்டில் தொழில் செய்த மருத்துவர். அகாஷே மனநல மருத்துவர். அவர்களுக்கு முந்திய தலைமுறையில் நடிகர் ஸ்ரீராம் லாகூ காது, மூக்கு, தொண்டை அறுவை மருத்துவர். இவர்களில் யாருக்கும் மறுநாள் அடுப்பு எரிய மேடை வேண்டியிருக்கவில்லை. மனசாட்சிக்கு ஒரு பொருளாதாரம் உண்டு. அதைப் பேசாமல் துணிச்சலை மட்டும் பாராட்டுவது அரைகுறைப் பாராட்டு.

இந்த நிறுத்தும் வழக்கம் புனேக்கு 1972இல்தான் வந்தது என்றும் இல்லை. 1855இல் ஜோதிராவ் புலே 'த்ருதீய ரத்னா' என்ற நாடகத்தை எழுதினார். கருவுற்ற ஒரு குடியானவப் பெண்ணைக் கிரகபலன் சொல்லிப் பயமுறுத்திப் பணம் பறிக்கும் புரோகிதர், உண்மை தெரிந்தபின் படிக்கக் கிளம்பும் அந்தப் பெண்ணும் கணவனும் என்பதுதான் கதை. பேஷ்வாக்கள் பிராமணர்களுக்குக் கொடுத்துவந்த தட்சிணையின் ஒரு பகுதியை ஆங்கிலேயர் நூல்களுக்கான பரிசாக மாற்றியிருந்தார்கள். புலே அந்தத் தட்சிணைப் பரிசுக் குழுவுக்குத் தன் நாடகத்தை அனுப்பினார். குழு நிராகரித்தது. பிராமண உறுப்பினர்களின் அழுத்தமே காரணம் என்று பின்னாளில் தன் 'குலாம்கிரி' நூலில் அவரே பதிவு செய்தார். நாடகம் அச்சேறவே நூறாண்டுக்கு மேலாயிற்று. அந்நிய ஆட்சி அந்த நாடகத்தைத் தடை செய்யவில்லை. அதைப் பற்றி அதற்குக் கவலையும் இருந்திருக்காது. தடுத்தது, படித்தவர்கள் அடங்கிய ஒரு குழு. புலே 1873 செப்டம்பரில் சத்திய சோதகர் சமாஜத்தைக் கட்டினார். அதன் வழியில் பிறந்த, பாட்டும் நாடகமும் கலந்த ஜல்சாக் குழுக்கள் தமாஷாவின் மெட்டையும் கேலியையும் எடுத்துக்கொண்டு கிராமம் கிராமமாகப் போயின. அந்த வடிவத்தையே பின்னர் அம்பேத்கர் இயக்கத்தின் ஜல்சாக்கள் ஏந்தின. பரிசுக் குழு மறுத்த பார்வையாளர்களை, பரிசே தேவைப்படாத மேடை தேடிப் போய்ச் சேர்ந்தது.

தமிழ்நாட்டுக்காரர்கள் இதைக் கேட்டு, அது மராட்டியர் விவகாரம் என்று சாய்ந்து உட்கார வேண்டாம். எம்.ஆர். ராதாவின் ராமாயண நாடகத்தை மடக்குவதற்கு 1954இல் சென்னை மாநில அரசு தனியாக ஒரு நாடகச் சட்டமே போட்டது. அதன்பின் சுயமரியாதைக்காரர்கள் ஆட்சிக்கு வந்தார்கள். நாடக மேடையில் வளர்ந்தவர்களே முதலமைச்சர் ஆனார்கள். அந்தச் சட்டம் மட்டும் அசையவில்லை. பரீக்ஷா குழுவை நடத்திய ஞாநி வழக்குத் தொடுத்து, 2013இல் சென்னை உயர் நீதிமன்றம் அதன் முக்கியப் பிரிவுகளை ரத்து செய்த பிறகுதான் அது ஓய்ந்தது. நடுவில் ஓடிய ஏறத்தாழ அறுபது ஆண்டுகளுக்கு எந்த ஒரு கட்சியையும் பொறுப்பாக்கித் தப்பித்துக்கொள்ள முடியாது. பெருமாள்முருகனுக்கு நேர்ந்ததை எடுத்துக்கொள்ளுங்கள். 'மாதொருபாகன்' நாவலுக்குத் தடையாணை எதுவும் இல்லை. 2015 ஜனவரியில் நாமக்கல்லில் அமைதிப் பேச்சுவார்த்தை என்ற பெயரில் ஒரு கூட்டம் நடந்தது. ஊர்ப் பிரமுகர்கள், அமைப்பினர், அதிகாரி என்று எல்லோரும் உட்கார்ந்தார்கள். எழுந்தபோது ஓர் எழுத்தாளர் எழுதுவதை விட்டுவிட்டதாக அறிவிக்கும் நிலை வந்திருந்தது. 2016 ஜூலையில் உயர் நீதிமன்றம் அவர் பக்கம் நின்றது. சட்டத்தால் செய்ய முடியாததை ஒரு வட்டமேசை செய்துவிட்டது என்பதை அந்தத் தீர்ப்பின் மகிழ்ச்சியில் நாம் மறந்துவிட்டோம்.

இனி மறுப்புகளுக்கு வருகிறேன். ஒரு சங்கத்துக்குத் தன் பெயரில் எது மேடையேறலாம் என்று முடிவு செய்ய உரிமை இல்லையா? உண்டு. புனே சங்கத்தின் தலைமைக்கு நாடகத்தின்மேல் இருந்த ஆட்சேபம் கோழைத்தனத்தில் மட்டும் பிறந்தது என்று நான் சொல்ல மாட்டேன். ஒரு சாதியையே குற்றவாளிக் கூண்டில் நிறுத்துகிறது, மராட்டிய அரசைக் கடைசிக் காலத்தில் தாங்கிப்பிடித்த ராஜதந்திரியைக் காமுகனாகக் காட்டுகிறது என்று நேர்மையாகவே நம்பியவர்கள் இருந்தார்கள். இது வரலாற்று நாடகமே இல்லை என்பது டெண்டுல்கர் தரப்பின் பதில். அந்தப் பதில் எனக்கு முழுத் திருப்தி தரவில்லை. உண்மைப் பெயரை வைப்பதால் கிடைக்கும் கூர்மையை எடுத்துக்கொண்டு, அதனால் வரும் கேள்வியை மட்டும் தள்ளிவிட முடியாது. நாடகத்துக்கு வேறொரு குருட்டுப் புள்ளியும் உண்டு. கௌரி விற்கப்படுகிறாள், ஆடுகிறாள், சாகிறாள். அவளுக்கென்று பேச்சு அநேகமாக இல்லை. ஆண்களின் அதிகாரத்தைத் தோலுரிக்கும் படைப்பு அந்தப் பெண்ணைச் சீட்டாட்டத்தின் ஒரு சீட்டாகவே வைத்திருக்கிறது. இந்தக் குறைகளை எழுதலாம், மேடையில் எதிர்நாடகம் போடலாம், சங்கம் தன் ஆதரவை விலக்கிக்கொள்ளவும் செய்யலாம். அப்படி விலக்கிக்கொள்வது படைப்பின் சாவாக ஆகிவிடாதபடி ஊரில் வேறு வாசல்கள் திறந்திருக்க வேண்டும் என்பதே நான் கேட்பது. ஓர் ஊரில் ஒரே அரங்கும் ஒரே சங்கமும் இருந்தால், அதன் செயற்குழு விரும்பாவிட்டாலும் தணிக்கைக் குழு ஆகிவிடுகிறது.

கலைஞனின் வேலை கலை, அமைப்புக் கட்டுவதும் அரசியல் பேசுவதும் அவன் கூர்மையை மழுக்கிவிடும் என்பது இதைவிடப் பழைய மறுப்பு. ஓரளவு உண்மைதான், சங்கக் கணக்கு எழுதியே தீர்ந்துபோன நல்ல நடிகர்கள் எல்லா ஊரிலும் உண்டு. ஆனால் இங்கே அரசியலையும் அழகியலையும் இரண்டு தட்டில் வைத்து நிறுப்பதே பிழை. டெண்டுல்கரின் 'கிதாடே' 1970இல் லாகூவின் இயக்கத்தில் மேடையேறியபோது, கருச்சிதைவைக் காட்டும் புடவையின் சிவப்புக் கறையைத் தணிக்கைக் குழு ஆட்சேபித்தது. கறையை நீலமாக்கினார்கள். மேடையில் தெரியும் நீலத்தைச் சிவப்பாக எடுத்துக்கொள்ளும்படி காட்சிக்கு முன்பே பார்வையாளர்களிடம் சொல்லிவிட்டார்கள். இதை அரசியல் எதிர்ப்பு என்பதா, அரங்கத் தந்திரம் என்பதா? நாடகக்காரன் மட்டுமே தரக்கூடிய பதில் இது. நிறத்தை மாற்றச் சொன்னவர்களின் கையாலேயே அந்தக் கறையை இன்னும் பெரிதாக்கிவிட்டார்கள். கோஷம் போடும் நாடகத்தால் இது முடியாது. மோசமாக எழுதப்பட்ட புரட்சி நாடகம் ஆட்சிக்கும் தொந்தரவு தராது, பார்ப்பவனுக்கும் தராது. கொட்டாவியைத்தான் தரும்.

அமைப்பைப் பற்றி அதிகம் யோசித்த கலைஞர் ஒருவர் 1960களின் நடுவில் சிறிது காலம் இந்த ஊரில் இருந்தார். திரைப்பட இயக்குநர் ரித்விக் கட்டக். கலைஞர்களைக் கட்சி எப்படி நடத்த வேண்டும் என்று 1954இல் அவர் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சிக்கு நீண்ட அறிக்கை ஒன்றை எழுதிக் கொடுத்தார். அடுத்த ஆண்டு கட்சி அவரை வெளியேற்றியது. இங்கும் கதவைச் சாத்தியவர்கள் சொந்தத் தோழர்களே. பிறகு அவர் லா காலேஜ் சாலையில் உள்ள திரைப்படக் கல்லூரிக்கு ஆசிரியராக வந்தார். மணி கௌல், ஜான் ஆபிரகாம் போன்றவர்கள் அவருடைய மாணவர்கள். 1976இல், நெருக்கடி நிலையின் நடுவே, அந்தக் கல்லூரியில் படித்து வெளிவந்தவர்கள் 'யுக்த்' என்ற கூட்டுறவுச் சங்கத்தைப் பதிவு செய்து, வங்கிக் கடன் வாங்கி, இதே 'காசிரா'மைப் படமாக எடுத்தார்கள். இயக்கியவர்களில் மணி கௌலும், பின்னாளில் 'ஏழாவது மனிதன்' எடுத்த கே. ஹரிஹரனும் இருந்தார்கள். கூட்டுறவு நீடிக்கவில்லை. பல ஆண்டுகளுக்குப் பின் அந்தப் படத்தின் பிரதி பெர்லினில் உள்ள அர்செனல் காப்பகத்திலிருந்துதான் மீட்கப்பட்டது. ஜான் ஆபிரகாம் 1977இல் தமிழில் எடுத்த 'அக்ரஹாரத்தில் கழுதை'யை எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய விருது பெற்ற அந்தப் படத்தைத் தமிழ்நாட்டுத் திரையரங்குகள் சீண்டவில்லை. தூர்தர்ஷன் ஒளிபரப்புவதாக அறிவித்துவிட்டு, எதிர்ப்பு வந்ததும் பின்வாங்கியது. ஜான் கோழிக்கோட்டில் நண்பர்களோடு 'ஒடேசா'வைத் தொடங்கி, ஊர் ஊராகச் சாப்ளின் படம் காட்டி, மக்களிடம் சில்லறையாகப் பணம் திரட்டி 1986இல் 'அம்ம அறியான்' எடுத்தார். மறு ஆண்டே இறந்துபோனார். இந்த அமைப்புகள் அற்பாயுள் கொண்டவை என்று ஒருவர் சொன்னால் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அவை உயிரோடிருந்த அந்தச் சில ஆண்டுகளில் எடுத்த படங்களை வேறு யாரும் எடுத்திருக்க மாட்டார்கள்.

என் வாதத்துக்கு உண்மையான சோதனை இனிமேல்தான். மருத்துவர்கள் சேர்ந்து தொடங்கும் அமைப்பு பிழைத்துக்கொள்கிறது. குடிசைப் பகுதியிலிருந்து வந்தவர்கள் தொடங்கினால்? 2002 குஜராத் கலவரத்துக்குப் பின் புனேயில் உருவானது கபீர் கலா மஞ்ச். உழைக்கும் குடும்பங்களைச் சேர்ந்த, பெரும்பாலும் தலித் இளைஞர்களின் பாட்டுக் குழு. புலேயின் ஜல்சா மரபின் நேர் வாரிசு. ஆனந்த் பட்வர்தனின் 'ஜெய் பீம் காம்ரேட்' படத்தில் அவர்களைப் பார்க்கலாம், கேட்கலாம். மாவோயிஸ்ட் தொடர்பு என்ற குற்றச்சாட்டில் 2011 முதல் வழக்குகள் வந்தன. அவர்கள் அதை மறுத்தார்கள். சிலர் ஆண்டுக்கணக்கில் சிறையில் இருந்தார்கள். 2017 டிசம்பர் 31 அன்று சனிவார் வாடாவில் நடந்த எல்கார் பரிஷத் மாநாடு தொடர்பான வழக்கில் 2020 செப்டம்பரில் குழுவின் மூவர் மீண்டும் கைதானார்கள். வழக்கின் முடிவை நீதிமன்றம் சொல்லட்டும். 'காசிரா'மை எதிர்த்தவர்களிடமிருந்து அதைக் காப்பாற்ற அரசமைப்பும் ஆங்கிலம் பேசும் நண்பர்களும் இருந்தார்கள். இவர்களுக்கு அரசே எதிர்த்தரப்பாக நின்றது. தமிழ்நாட்டில் மதுவிலக்குப் பாட்டுக்காக 2015 அக்டோபரில் பாடகர் கோவன் தேசத் துரோக வழக்கில் கைதானதும் இந்த வரிசையில் சேரும். அப்படியானால் அமைப்பு போதாது என்றுதானே ஆகிறது? ஆம், போதாது. அரங்கும் சங்கமும் அறக்கட்டளையும் வைத்திருக்கிற நடுத்தர வர்க்கம், தெருவில் பாடுகிறவனைத் தன் மேடைக்கு அழைக்காத வரையில், அவனைத் தனியாகப் பிடித்துக்கொண்டு போவது எளிது. கைது நடந்த பிறகு கையெழுத்து இயக்கம் நடத்துவது தாமதமாகத் தரும் காணிக்கை. அழைப்பு அதற்கு முன்பே போயிருக்க வேண்டும்.

பணத்தைப் பற்றி ஒரு வார்த்தை. வெளிநாட்டு நிதி வாங்கினால் கலை கெட்டுவிடும் என்ற சண்டை 1980களில் இங்கும் நடந்தது, சென்னையிலும் நடந்தது. தியேட்டர் அகாடமியும் ஃபோர்டு அறக்கட்டளை நிதி பெற்றது, கூத்துப்பட்டறையும் பெற்றது. கொடுத்தவர் யார் என்பதைவிட, கொடுத்தவர் சொல்லி ஒரு காட்சி வெட்டப்பட்டதா என்பதே கேட்க வேண்டிய கேள்வி என்பது என் கருத்து. உள்ளூர்ப் பணமும் வெட்டும், பல நேரம் கூடுதலாகவே வெட்டும். இதற்கு எதிர்த்திசையில் லாகூ போனார். நரேந்திர தாபோல்கர் போன்ற நண்பர்களோடு சேர்ந்து, நாடகங்களைச் சுற்றுப்பயணமாக நடத்தி, வசூலைச் சமூக நன்றியறிதல் நிதி என்று ஒதுக்கி, முழுநேரச் சமூகப் பணியாளர்களுக்கு மாதந்தோறும் உதவிப்பணம் கிடைக்க வழிசெய்தார். மூடநம்பிக்கை எதிர்ப்பு இயக்கம் நடத்திய தாபோல்கர் 2013 ஆகஸ்ட் 20 காலை, ஓம்காரேஷ்வர் கோயிலருகே பாலத்தில் சுட்டுக் கொல்லப்பட்டார். கலைஞன் சமூகத்திடம் கைநீட்டுவதையே பார்த்துப் பழகிய நமக்கு, கலைஞன் கொடுக்கவும் முடியும் என்று அந்த நிதி காட்டியது.

புனேயில் தமிழர்கள் தலைமுறைகளாக இருக்கிறார்கள். கோயிலும் பள்ளியும் கட்டியிருக்கிறோம். பொங்கல் விழாவில் பட்டிமன்றம் நடத்துகிறோம். எந்த நாடகத்தை, எந்தப் பேச்சாளரை வேண்டாம் என்று சத்தமில்லாமல் ஒதுக்கினோம் என்பதை நம் சங்கங்களின் கூட்டக் குறிப்புகள் எழுதி வைப்பதில்லை. ஆகவே இந்த அறக்கட்டளைக்கு என் வேண்டுகோள் இதுதான். அடுத்த ஆண்டு சொற்பொழிவுக்குப் பதிலாக ஒரு நாடகத்துக்கு இந்தத் தொகையைக் கொடுங்கள். இந்த ஊர்த் தமிழ் இளைஞர்களும், முடிந்தால் ஒரு மராட்டி ஜல்சாக் குழுவும் சேர்ந்து போடட்டும். பிரதியைச் செயற்குழு முன்கூட்டிப் படிக்க வேண்டாம். பிடிக்காதவர்கள் நாடகம் முடிந்த பிறகு இதே மேடையில் ஏறித் தங்கள் மறுப்பைச் சொல்லட்டும். அதற்கு ஒரு மணி நேரம் ஒதுக்கிவிடுங்கள்.